போட்டோ போட்டி, டிசைன் போட்டி: சேலத்துக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அஞ்சு ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, மாம்பழப் பெட்டி லேபிள், இவைதான் சோறு போடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஏறிவிடுவேன். போட்டோ போட்டி, லோகோ போட்டி என்று பதினைந்து வருடமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ஜெயித்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் தோற்று தோற்றே இதன் நெளிவுசுளிவு கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. கடைக்கு வரும் பையன்களும், வாட்ஸ்அப்பில் நள்ளிரவில் "அண்ணா ஒரு டவுட்" என்று ஆரம்பிக்கிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இதுவரை எந்தப் போட்டிக்கும் அனுப்பியதில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

காசு கேட்காத போட்டியில் ஆரம்பியுங்கள். இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், உலகத்தின் பெரிய போட்டிகள் சிலவே இலவசம்தான். சோனி வேர்ல்ட் போட்டோகிராபி அவார்ட்ஸுக்குக் கட்டணம் கிடையாது. துபாயில் நடத்தும் ஹிபா என்ற போட்டோ போட்டிக்கும் கிடையாது.

இன்னொன்று, விக்கி லவ்ஸ் மானுமெண்ட்ஸ், விக்கிப்பீடியாக்காரர்களின் பொதுப் படத்தளத்துக்குப் பழைய கோட்டை, கோயில் படங்களைச் சேர்க்கும் போட்டி. 2010-ல் நெதர்லாந்தில் ஆரம்பித்தது, 2012-லிருந்து இந்தியாவும் பல வருடம் கலந்துகொண்டிருக்கிறது. செப்டம்பர் மாதத்தில் படத்தை ஏற்ற வேண்டும், எடுத்தது எந்த வருடமாக இருந்தாலும் பரவாயில்லை. நம் சங்ககிரிக் கோட்டை மாதிரி தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடங்கள்தான் அவர்களுக்கு வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் தேர்வாகும் பத்துப் படங்கள் வரை உலகச் சுற்றுக்குப் போகும். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்: அங்கே ஏற்றும் படத்தை உங்கள் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்குக்கூட, பயன்படுத்தலாம். எனக்கு அதில் வருத்தமில்லை. கோட்டை நம் கையில் கட்டியதா என்ன? ஆனால் காலண்டருக்கு விற்கலாம் என்று ஒரு படத்தை வைத்திருந்தால் அதை அங்கே ஏற்றாதீர்கள்.

"வளரும் கலைஞர்", "தொழில்முறை" என்று பிரிவு பிரிவாகக் கேட்கிறார்கள். நான் எதில் சேர்த்தி?

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு கணக்கு. சிலர் வயதைப் பார்ப்பார்கள், சிலர் வருமானத்தை, சிலர் படித்து முடித்து எத்தனை வருடம் என்று. பொறியியலும் டிசைனும் படிக்கிறவர்களுக்கான ஜேம்ஸ் டைசன் விருதில் மாணவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் படித்து முடித்து நான்கு வருடத்துக்குள் இருக்க வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் போட்டியில் 17 வயது வரை தனிப் பிரிவு, அதுவும் இலவசம், பெரியவர்களுக்குத்தான் கட்டணம். வேர்ல்ட் பிரஸ் போட்டோவோ தொழில்முறைச் செய்திப் புகைப்படக்காரர்களுக்கு மட்டும். சோனியில் பிரிக்கும் விதமே வேறு. ஓப்பன் என்றால் ஒற்றைப் படம், புரொஃபஷனல் என்றால் ஒரே விஷயத்தைச் சொல்லும் 5 முதல் 10 படங்கள் கொண்ட தொடர்.

கல்யாணத்துக்குப் படம் எடுத்துச் சம்பாதித்துக்கொண்டே "அமெச்சூர்" பிரிவில் போடுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற தைரியம். உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் புக்கிங் நம்பரைப் பெரிசாகப் போட்டுவிட்டு அந்த வேலை செய்யாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

போனில் எடுத்தது செல்லுமா?

செல்லும். மொபைலுக்கென்றே தனிப் பிரிவு வைக்கிறவர்களும் உண்டு. பிரச்சினை போனில் இல்லை, வாட்ஸ்அப்பில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கி வந்த கோப்பையே போட்டிக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஒரிஜினலை எடுங்கள். அது போனில் இல்லையென்றால் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் கேட்டால் கொடுக்கலாமா?

நான் பார்ப்பது மூன்று விஷயம். நடுவர்கள் யார் என்று பெயர் போட்டிருக்கிறார்களா? போன வருடம் ஜெயித்த படங்களை இப்போது போய்ப் பார்க்க முடிகிறதா? தோற்றாலும் கையில் ஏதாவது மிஞ்சுமா, அதாவது மதிப்பெண், விமர்சனம், கண்காட்சியில் ஓர் இடம், எதுவாவது? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அந்த ஐநூறு ரூபாய்க்குப் பத்துப் படத்தை நல்ல தாளில் பிரிண்ட் போட்டுக்கொள்வது மேல்.

முக்கியமான இன்னொன்று, ஜெயித்த பிறகு கேட்கும் பணம். டிசைன் உலகத்தில் இது சகஜம். ரெட் டாட் மாதிரி பெயர்பெற்ற விருதுகளிலேயே பதிவுக்கு ஒரு கட்டணம், வென்ற பிறகு முத்திரை, புத்தகம், கண்காட்சி எல்லாம் சேர்த்து ஒரு கட்டணம் என்று இருக்கிறது. அது ஏமாற்று இல்லை, விதிமுறையிலேயே எழுதியிருப்பார்கள். பொருள் தயாரிக்கும் கம்பெனிக்கு அந்த முத்திரையால் வியாபாரம் நடக்கும், அதனால் அவர்களுக்குக் கட்டுபடியாகும். அஞ்சு ரோட்டில் தனியாளாக உட்கார்ந்திருக்கும் எனக்குக் கட்டுபடியாகாது. ஜெயித்துவிட்டுப் பணம் கட்ட முடியாமல் விழிப்பதைவிட, முன்னாடியே கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவது நல்லது.

"வாழ்த்துகள், உங்கள் படம் ஆயிரத்தில் ஒன்றாகத் தேர்வாகியுள்ளது, கோப்பையைக் கூரியரில் பெற 1,800 ரூபாய்" என்று வருகிற மெயில் வேறு ரகம். நீங்கள் அனுப்பவே இல்லாத போட்டியிலிருந்துகூட வரும். அழித்துவிடுங்கள்.

சலூன், அக்செப்டன்ஸ், ஏஃபியாப் என்று சீனியர்கள் பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

முடிவெட்டும் சலூன் இல்லை. போட்டோ கிளப்புகள் நடத்தும் கண்காட்சிப் போட்டிகளுக்கு அப்படிப் பெயர். ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, அமெரிக்காவின் பிஎஸ்ஏ, இந்தியக் கூட்டமைப்பான எஃப்ஐபி, இவற்றின் அங்கீகாரத்தோடு நடக்கும். நடுவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பெண் போடுவார்கள். குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் அக்செப்டன்ஸ், அதற்கும் மேலே போனால் பதக்கம். அக்செப்டன்ஸ் சேர்ந்துகொண்டே வந்தால் ஏஃபியாப், ஈஃபியாப் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் பட்டம் கிடைக்கும்.

நல்ல பயிற்சிதான். ஆனால் சலூனுக்கென்று ஒரு ருசி உண்டு, அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். புகைக்கு நடுவே ஒளிக்கற்றை விழும், அதில் ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். இல்லாவிட்டால் ஏரியில் வலை வீசுவார்கள், வலை காற்றில் வட்டமாக விரிந்திருக்கும். இவற்றுக்கு மதிப்பெண் விழுகிறது என்று தெரிந்ததும் பேருந்து பிடித்துக் கூட்டமாகப் போய், ஆளை உட்காரவைத்து, சாம்பிராணி போட்டு எடுத்து வருகிறார்கள். இரண்டு வருடம் நானும் அந்தக் கூட்டத்தில் போனேன். பட்டியலில் பெயர் வந்தது. பிறகு ஒருநாள் என் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால், எது நான் எடுத்தது, எது பக்கத்தில் நின்றவர் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. அதோடு விட்டேன்.

ஏற்காட்டில் எதை எடுத்தால் போட்டிக்கு எடுபடும்?

லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் தெரியும் சேலம் விளக்குகளை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதேபோல் கொண்டை ஊசி வளைவில் வண்டி விளக்கு கோடாக இழுபடும் படம், ஏரியில் பெடல் படகு, "ஏழைகளின் ஊட்டி" என்று தலைப்பு வைக்கத் தோன்றும் எந்தப் படமும். அழகில்லை என்று சொல்லவில்லை, ஆயிரம் பேர் அனுப்பியாகிவிட்டது.

வெளியூர்க்காரனுக்குக் கிடைக்காதது நமக்கு என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். வார இறுதிக்கு வருகிறவனுக்குக் காலமும் நேரமும் வாய்க்காது, நமக்கு வாய்க்கும். காப்பிப் பூவையே எடுத்துக்கொள்வோம். மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு நல்ல கோடை மழை விழ வேண்டும். விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பூக்கும். கிளை நெடுகச் சோற்றுப் பருக்கையை ஒட்டவைத்த மாதிரி வெள்ளை, மல்லிகையை நினைவுபடுத்தும் ஒரு வாசம். இரண்டு மூன்று நாள்தான், பிறகு பழுப்பேறிவிடும். மழை பெய்த தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, தோட்டத்தில் தெரிந்தவருக்குப் போன் போட்டு, வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அடிவாரத்தில் இருக்கும் நாம்தான் அதைச் செய்ய முடியும்.

மூன்று வருடம் நான் இதைத் தவறவிட்டேன். நான்காவது வருடம் மஞ்சக்குட்டை தாண்டி ஒரு தோட்டத்தில் விடியற்காலை ஆறு மணிக்குப் போய் நின்றால், எல்லாம் பூத்துக் கிடக்கிறது, ஆனால் பனிமூட்டம் இறங்கி வெள்ளைமேல் வெள்ளை, கேமராவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி மட்டும் கறுப்பாகக் கோடு கோடாகத் தெரிகிறது. ஏழரை மணிக்கு ஒரு அம்மா பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு செடிகளுக்கு நடுவே வந்தார், அந்த நீலச் சாக்கு ஒன்றுதான் அங்கே நிறம். கிடைத்தது அந்த ஒரே படம், ஆனால் வெளியூர்க்காரன் யாரிடமும் அது இருக்காது.

தோட்டம் தனியார் இடம், கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டத்துக் கணக்கு பார்க்கும் ரைட்டரிடமோ மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அநேகமாக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமத்து மக்கள் வருவதும் அப்படித்தான். மலர்க் கண்காட்சியில் பூவால் செய்த பொம்மையை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கேமராவை அந்தப் பக்கம் திருப்புவதே இல்லை.

கீழே சேலத்தில்?

அட, ஊரே கிடக்கிறதே. ஜவ்வரிசி காயவைக்கும் களம், வெள்ளைக்கல் சுரங்கத்து மேடு, இளம்பிள்ளைத் தறி, ராத்திரி தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டி. தட்டுவடைக்காரர் பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்திருக்கும் இரண்டு குவியல்மேல் மஞ்சள் பல்பு வெளிச்சம் விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? உணவுப் புகைப்படத்துக்கும் போட்டிகள் இருக்கின்றன.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஒருவரை எடுத்தேன். அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா?

வாங்கிவிடுங்கள். சில போட்டிகள் அனுப்பும்போதே கேட்கும், சில இறுதிச் சுற்றுக்கு வந்தபிறகு கேட்கும். இரண்டாவதுதான் ஆபத்து. எனக்கு நடந்தது அதுதான். ஒரு பட்டறையில் கேஸ் நெருப்பைக் கொலுசு வளையத்தில் காட்டிப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கண்ணாடியில் அந்தத் தீ நாக்கு இரண்டாகத் தெரிந்தது. "எடுத்துக்கங்க தம்பி" என்றார், எடுத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன், வந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு போட்டியிலிருந்து மெயில்: ஐந்து நாளுக்குள் மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவரின் சம்மதக் கையெழுத்து, வேண்டும். பட்டறைக்கு ஓடினால் அவர் வேலையை விட்டு நின்று, ஊருக்கே போய்விட்டாராம். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. படம் போயிற்று.

இப்போதெல்லாம் ஒரு பக்கத் தாள், தமிழில், பையில் எப்போதும் பத்து இருக்கும். பெயர், ஊர், தேதி, "இந்தப் படத்தைப் போட்டிக்கும் கண்காட்சிக்கும் அனுப்பச் சம்மதம்" என்று ஒரு வரி, கையெழுத்து அல்லது கைநாட்டு. குழந்தை என்றால் அம்மா அப்பாவின் கையெழுத்து. படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். அப்புறம், பிரிண்ட் ஒன்று போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த முறை பட்டறைக் கதவு தானாகத் திறக்கும்.

கல்யாணத்தில் எடுத்த அருமையான படம். போட்டிக்கு அனுப்பலாம்தானே?

அவசரப்படாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு வேலையாக எடுத்தது என்றால், பொதுவாக உரிமை முதலாளிக்குப் போகும். பாதிப் பேருக்கு இது தெரியாது. "நான்தானே எடுத்தேன், என் படம்தானே" என்பார்கள். புக்கிங் ரசீதிலேயே "போட்டி, கண்காட்சி, போர்ட்ஃபோலியோவுக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாப்பிள்ளை வீடு வேண்டாம் என்றால் அடித்துவிட்டுப் போகட்டும்.

அனுப்பின படத்தின் உரிமை போட்டி நடத்துபவருக்குப் போய்விடுமா?

இந்த ஒரு கேள்வியை எல்லோரும் பரிசு வாங்கியபிறகுதான் கேட்கிறார்கள்.

விதிமுறையில் இரண்டு மாதிரி வாசகம் வரும். ஒன்று, படம் உங்களுடையதே, போட்டியை விளம்பரப்படுத்தவும் கண்காட்சி வைக்கவும் நாங்கள் பயன்படுத்திக்கொள்கிறோம், உங்கள் பெயர் போடுவோம். இது நியாயம், நல்ல போட்டிகள் எல்லாம் இப்படித்தான். இன்னொன்று, "பெறப்படும் அனைத்துப் படைப்புகளும் அமைப்பாளரின் சொத்து". கவனியுங்கள், ஜெயித்த படைப்புகள் என்று இல்லை, பெறப்படும் அனைத்தும். பத்தாயிரம் ரூபாய்ப் பரிசுக்கு ஐந்நூறு பேர் ஆளுக்கு ஐந்து படம் அனுப்பினால் இரண்டாயிரத்து ஐந்நூறு படம் அவர்கள் கையில். ஒரு படத்துக்கு நான்கு ரூபாய். சந்தையில் கறிவேப்பிலைகூட அந்த விலைக்கு வராது.

என் கதை ஒன்று. ஒரு நிறுவனம் நடத்திய போட்டிக்கு மலைப்பாதைப் படம் ஒன்று அனுப்பினேன், ஆறுதல் பரிசுகூட இல்லை. அடுத்த வருடம் அவர்கள் அச்சடித்த காலண்டரில் ஏப்ரல் மாதத்துக்கு அதே படம், பெயர் இல்லாமல். காலண்டர் எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், மளிகைக்கடையில் மாமியாருக்குக் கொடுத்திருக்கிறார்கள். போன் போட்டுக் கேட்டேன். "விதி எண் 14-ஐப் படிக்கலையா சார்?" என்றார்கள். படிக்கவில்லை, அதுதான் உண்மை.

பிறகு ஒரு வக்கீல் நண்பர் சொல்லித்தான் சில விஷயம் தெரிந்தது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லையென்றால் சட்டம் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்கிறது, எந்த இடத்துக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியா மட்டும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டாலும், "இதை எடுத்தவன் நான்" என்று உரிமை கோருவதற்கு 57-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அந்தக் காலண்டருக்காகக் கோர்ட்டுக்குப் போகவா முடியும்? போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு விதிமுறையைப் பிரிண்ட் எடுத்து, "உரிமை", "சொத்து", "நிரந்தர" என்ற சொற்கள் வரும் இடங்களைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டுவிட்டுத்தான் எதையும் அனுப்புகிறேன்.

லோகோ போட்டிகளில் கலந்துகொள்ளலாமா? இலவச வேலை வாங்குகிறார்கள் என்கிறார்களே?

இரண்டுமே உண்மை. ரூபாய்க் குறியீடு ₹ நம் கண்முன்னால் இருக்கிறது. 2009-ல் மத்திய நிதியமைச்சகம் போட்டி அறிவித்தது, மூவாயிரத்துக்கு மேல் வடிவங்கள் வந்தன, ஐந்து இறுதிக்கு வந்தன, 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒன்றை ஏற்றுக்கொண்டது. வரைந்தவர் உதயகுமார், கள்ளக்குறிச்சிக்காரர். இங்கிருந்து ஆத்தூர், சின்னசேலம் தாண்டினால் வருகிற ஊர். பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். தேவநாகரி 'ர'வையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும் ஒன்றில் ஒன்று தெரிகிற மாதிரி வைத்து, மேலே இரண்டு கோடு. எழுதுகிற நாம் யோசிக்கவே தேவையில்லாத அளவுக்கு எளிது. அவர் ஐஐடி பம்பாயில் தமிழ் எழுத்துருவியலை ஆராய்ச்சி செய்தவர், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே ராத்திரியில் உட்கார்ந்து கிறுக்கி வந்ததில்லை, வருடக்கணக்காக எழுத்தின் வளைவைப் பார்த்த கண் அது.

2014-ல் தூய்மை இந்தியா லோகோவும் மைகவ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் போட்டி வைத்துத்தான் வந்தது. காந்தியின் கண்ணாடி, வரைந்தவர் கோலாப்பூர்க்காரர், பரிசு ஐம்பதாயிரம். இன்றும் மைகவில் லோகோ, போஸ்டர், சின்னம் என்று ஏதாவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நாட்டுக்கே பொதுவான ஒன்று, தோற்றாலும் வரைந்ததைப் போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அனுப்புவேன்.

தனியார் கம்பெனி, "எங்களுக்கு லோகோ வேண்டும், பிடித்தால் ஐயாயிரம், பிடிக்காவிட்டால் நன்றி" என்றால் அதைப் போட்டி என்று நான் சொல்ல மாட்டேன். நூறு பேரிடம் வேலை வாங்கி ஒருவருக்கு, அதுவும் பாதிக் கூலி கொடுக்கிற ஏற்பாடு. தையல்காரரிடம் போய் "பத்துச் சட்டை தைத்துக் காட்டுங்க, பிடிச்சதுக்கு மட்டும் காசு" என்று சொல்லிப் பாருங்கள், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வருவார்.

தமிழ் எழுத்துரு வரைகிறவர்களுக்கு ஒரு தகவல்: லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கென்றே கிரான்ஷான் என்ற சர்வதேசப் போட்டி இருக்கிறது. கடைப்பலகையில் 'ழ'வை அழகாக எழுதுகிற ஆட்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது ஒருவரைக் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவனோடு உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்? ஏஐ?

பிரிவைப் பொறுத்தது. கிரியேட்டிவ் பிரிவில் தலைகீழாகக்கூட நிற்கலாம். செய்தி, இயற்கை, காட்டுயிர் என்றால் வெளிச்சம், மாறுபாடு, ஓரம் வெட்டுவது, சென்சார் தூசியை எடுப்பது, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடைசிச் சுற்றில் ரா கோப்பை, அதாவது கேமரா பதிவு செய்த, கைவைக்காத மூலக் கோப்பைக் கேட்பார்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் 2015-ல் இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் சுமார் 20 சதவீதம் இப்படி ரா கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வெளியே போயின. அதனால் ராவில் எடுங்கள், அழிக்காமல் வையுங்கள்.

ஏஐ விஷயத்தில் இரண்டு வேடிக்கை நடந்திருக்கிறது. 2023-ல் சோனி போட்டியில் ஒரு பிரிவில் ஜெயித்த ஜெர்மன்காரர், "இது ஏஐயில் செய்தது, போட்டிகள் தயாராக இருக்கின்றனவா என்று பார்த்தேன்" என்று பரிசை வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வருடம் தலைகீழ். வேறொரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு ஒருவர் நிஜமான பூநாரைப் படத்தை அனுப்பி, அது பரிசும் வாங்கி, உண்மையைச் சொன்னதும் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு எல்லா விதிமுறையிலும் ஏஐக்கு ஒரு பத்தி வந்துவிட்டது, வருடா வருடம் மாறிக்கொண்டும் இருக்கிறது. போன வருடம் படித்தேன் என்று இருந்துவிடாதீர்கள். கம்பியை அழிக்க ஃபோட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் தட்டினால் அதுவும் ஏஐதான், "கொஞ்சூண்டுதான் சார்" என்றால் கேட்க மாட்டார்கள்.

ஏற்காட்டில் காட்டெருமை நிறையத் தெரிகிறது. கிட்டப் போய் எடுக்கலாமா?

கூடாது. போட்டிக்காக இல்லை, உயிருக்காகச் சொல்கிறேன். அமைதியாக மேய்கிற மாதிரிதான் தெரியும், திரும்பினால் ஓட இடம் இருக்காது. வண்டிக்குள் இருந்தபடி எடுங்கள்.

பறவைக் கூட்டையும் விட்டுவிடுங்கள். கூட்டை எடுத்த படங்களைப் பல இந்தியப் போட்டிகள் ஏற்பதே இல்லை, கிளையை ஒதுக்கிவிட்டு எடுப்பதால் காக்கா வந்து குஞ்சைத் தூக்கிவிடுகிறது. இரை போட்டு வரவழைப்பது, பூச்சியைப் பிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பது, இதெல்லாம் தெரிந்தால் பெயரே கெட்டுவிடும். லண்டன் போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கிய ஓநாய், பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று சொல்லிப் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2017-ல் பரிசு வாங்கிய ஒரு எறும்புண்ணி, பாடம் செய்து வைத்த பொம்மை மாதிரியே இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, விசாரித்து 2018-ல் அதையும் நீக்கினார்கள்.

ட்ரோன்?

முதலில் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது, அதைச் சுற்றிக் கட்டுப்பாடு உண்டு. மலையில் காப்புக்காடு என்றால் வனத்துறையைக் கேட்காமல் பறக்கவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் எடுத்த படம் ஜெயித்தால், அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சி.

படத்துக்குத் தலைப்பும் விளக்கமும் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். எனக்கு வராது.

தமிழில் எழுதுங்கள் முதலில். யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது, நான்கே வரி. பிறகு யாரிடமாவது கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். "வாழ்க்கைப் போராட்டம்" என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். வேலை செய்கிற எந்தத் தாத்தாவைப் பார்த்தாலும் நம் ஆட்களுக்கு அந்தத் தலைப்புதான் வருகிறது. கொலுசு பற்றவைக்கிறவர் என்றால் "கொலுசு பற்றவைக்கிறார், செவ்வாய்ப்பேட்டை, சேலம்" என்றே எழுதினால் என்ன?

கோப்பு அளவு, வாட்டர்மார்க்?

பெயர், முத்திரை, பார்டர் எதுவும் படத்தின்மேல் வேண்டாம். எடிட்டிங் மென்பொருளில் நிற அமைப்பை எஸ்ஆர்ஜிபி என்று வையுங்கள். அளவு அவர்கள் சொன்னபடி, ஒரு பிக்சல்கூட மீறாமல். கோப்புப் பெயரை அவர்கள் கேட்ட மாதிரியே வையுங்கள், "ஃபைனல்_புதுசு_2" என்று அனுப்பாதீர்கள். கடைசி நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஏற்ற உட்காராதீர்கள். தளம் திணறும், அன்றைக்கென்று கரண்டும் போகும். வெளிநாட்டுப் போட்டி என்றால் அவர்கள் சொல்லும் நேரம் நம் நேரம் இல்லை, அதையும் பாருங்கள்.

பரிசுப் பணத்துக்கு வரி உண்டா?

பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பல இடங்களில் தருகிறார்கள். பான் எண் கேட்பார்கள். மிச்சத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ரிசல்ட் பட்டியலில் என் பெயர் இல்லை. என்ன தப்பு என்று கேட்கலாமா?

கேட்கலாம், பதில் வராது. சலூனில் ஒரு படம் திரையில் நிற்பது சில நொடிதான், ஆயிரக்கணக்கில் வருகிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுத முடியாது.

நான் செய்வது இது. அனுப்பும் முன்னாடியே, நல்லது என்று நினைக்கும் இருபது முப்பது படங்களைச் சாதாரணத் தாளில் சின்னச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுக் கடைத் தரையில் பரப்பிவிடுவேன். போட்டோ தெரிந்தவர்களைக் கூப்பிட மாட்டேன், அவர்கள் லென்ஸைப் பற்றிப் பேசுவார்கள். பக்கத்து டீக்கடை அக்கா, பத்திரிகை அடிக்க வருகிறவர், கூரியர் பையன், இவர்களிடம் எது கண்ணில் நிற்கிறது என்று மட்டும் கேட்பேன். ஏன் என்று கேட்க மாட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டு எடுத்தது என்பதால் நமக்கு ஒரு படம் பிடித்திருக்கும், அந்தக் கஷ்டம் படத்தில் தெரியாது. எனக்கு அது புரிய ஏழெட்டு வருடம் ஆயிற்று.

அந்த நீலச் சாக்கு அம்மா படம்கூட மூன்று போட்டியில் தோற்றதுதான். மூன்று முறையும் "பயணம், நிலக்காட்சி" என்ற பிரிவில் போட்டேன், காப்பிப் பூவுக்காகத்தான் நான்கு வருடம் காத்திருந்தேன் இல்லையா, அது என் மண்டையில் இருந்தது. போன தடவை தரையில் பரப்பியபோது டீக்கடை அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இந்தம்மா எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்பியிருக்கும்?" என்றார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓரத்தில் பாதிப் பூவை வெட்டிவிட்டு, மலைக்குப் போய் அந்த அம்மாவிடம் தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "உழைப்பு" பிரிவில் அனுப்பியிருக்கிறேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அவருக்கு பிரிண்ட் கொடுத்தாயிற்று. "சாக்கு நல்லா வந்திருக்கு" என்றார்.